கப்பல் டிக்கெட் வெறும் நூல் விலைதான்: குடிக்கிற செலவையும் கூடவே வருகிற செலவையும் கணக்குப் போடும் வழி

கப்பலில் கடைசி நாள் காலை அஞ்சரை மணி. அறைக் கதவுக்கு அடியில் சர்ரென்று ஒரு தாள் உள்ளே வந்தது. எதிர் அறையில் மச்சானுக்கும் வந்திருக்கிறது. மனுசன் லுங்கியோடு என் கதவைத் தட்டி, தாளை நீட்டி, "மாப்ள, இது ரூவாயா டாலரா?" என்றார்.

டாலர்தான்.

நான்கு நாளில் அவர் குடித்தது, குடிக்காதது எல்லாம் வரிசையாக இருந்தது. மேஜையில் அழகாக வைத்திருந்த இரண்டு தண்ணீர் பாட்டிலுக்குத் தனியாக ஒரு தொகை. பாட்டில் கழுத்தில் தொங்கிய சின்ன அட்டையை யாரும் படிக்கவில்லை. அதற்கு மேலே பெரிய தொகை: ஆளுக்கொன்று என இரண்டு மது பேக்கேஜ், அதாவது நாளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே கட்டிவிட்டுக் குடிக்கும் ஏற்பாடு. கேட்டது அவர் ஒருத்தர். அவர் சம்சாரம் அந்த நான்கு நாளில் குடித்தது எலுமிச்சை சோடாவும் காலைக் காப்பியும். "ஏனுங்க, நான் குடிச்ச சோடாவுக்கு முப்பதாயிரமா?" என்று அந்த அம்மிணி கேட்டது, ஊருக்கு வந்து சேரும் வரை ஓயவில்லை. அந்தக் கப்பல் எது என்று சொல்லப் போவதில்லை. அறையில் ஒருத்தர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்ற விதி எழுதித்தான் இருந்தது. "எல்லாமே இன்க்ளூடட்ங்க" என்று சொன்ன ஏஜென்ட்டை நம்பி நாங்கள்தான் படிக்கவில்லை.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் காஸ்டிங் போடுகிறவன். நூல் விலையை மட்டும் பார்த்து ஒரு டீ-ஷர்ட்டுக்கு விலை சொன்னால் அந்த மாதமே கம்பெனியை மூட வேண்டியதுதான். நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், வேஸ்டேஜ் எல்லாம் ஏறித்தான் பீஸ் விலை. கப்பல் டிக்கெட்டும் அப்படித்தான். விளம்பரத்தில் வருவது நூல் விலை. இரண்டாவது பயணத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு காஸ்டிங் ஷீட் போட்டேன். அதையே படிப்படியாக இங்கே தருகிறேன்.

படி 1: எந்தக் கப்பல், எந்த டாலர்

நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, ரயிலேறிச் சென்னையோ மும்பையோ போய், கார்டீலியா எம்ப்ரஸ் மாதிரி உள்நாட்டுக் கப்பலில் ஏறுவது. சாப்பாடு டிக்கெட்டில் சேர்ந்துவிடும், மது தனி. இன்னொன்று, கோயமுத்தூர் பீளமேட்டிலிருந்து நேராகச் சிங்கப்பூர் விமானம் பிடித்து அங்கிருந்து ஏறுவது. பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் மூன்று நாலு ராத்திரிப் பயணங்கள் அங்கே ரொம்பப் பிரபலம். ராயல் கரீபியன் கப்பல்கள், ஜென்டிங் ட்ரீம் எல்லாம் இந்த வழியில் வருபவை. பம்ப்செட், சிமென்ட், கம்பி டீலர்களைக் கம்பெனிக்காரர்கள் கூட்டிக்கொண்டு போவதும் இப்படித்தான்.

விலைப் பட்டியல் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எந்த டாலர் என்பது. ராயல் கரீபியன் சிங்கப்பூரிலிருந்தே கிளம்பினாலும் கப்பலுக்குள் கணக்கு அமெரிக்க டாலரில்தான் ஓடும். சிங்கப்பூர் டாலர் என்று நினைத்து ரூபாய்க்கு மாற்றினால் மொத்தக் கணக்கும் கோணலாகிவிடும்.

படி 2: சும்மா கிடைப்பதைப் பட்டியல் போடுங்கள்

பேக்கேஜைப் பார்க்கும் முன், காசில்லாமல் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்வதே பாதி லாபம். ராயல் கரீபியனில் குழாய்த் தண்ணீர், ஐஸ் டீ, லெமனேட், சாதாரணக் காப்பி, டீ, பால், காலை ஜூஸ் எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். கோலா மாதிரி சோடா வகைகளுக்கு அங்கே காசு. டிஸ்னி கப்பல்களில் அந்த சோடாவும் சாப்பாட்டு மேஜையிலும் மேல்தளக் குழாயிலும் சும்மாவே கிடைக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். எம்எஸ்சி, கோஸ்டா கப்பல்களில் ஐரோப்பா பக்கம் போனால், உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் மேஜைக்கு வரும் தண்ணீர் பாட்டிலுக்கே பில் வரும். பஃபேயில் குழாய்த் தண்ணீர் இலவசம்.

காலிப் பாட்டில் ஒன்று எடுத்துப்போங்கள். ஆனால் பாட்டில் வாயை நேராகக் குழாயில் வைக்க விடமாட்டார்கள். டம்ளரில் பிடித்துத்தான் ஊற்ற வேண்டும். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இது புதுசா என்ன.

காப்பி விசயத்தில் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். சும்மா கிடைக்கும் காப்பி சுடுதண்ணி. சீல் உடைக்காத இன்ஸ்டன்ட் காப்பிப் பொடியும் சுக்குக் காப்பிப் பொடியும் நாலு பாக்கெட் பையில் இருந்தால், பஃபேயில் வெந்நீரும் பாலும் வாங்கிக் கலந்துகொள்ளலாம். சீல் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: வீட்டில் செய்த பலகாரம், ஊறுகாய் டப்பா எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். மின்சாரக் கெட்டில், தண்ணீர் சூடாக்கும் காயில், இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. தீ என்றால் கப்பலில் ஓட இடமில்லை என்பதால் அதில் சலுகையே கிடையாது.

படி 3: அறை விதி

மச்சான் மாட்டியது இங்கேதான். இதை இரண்டு தடவை படியுங்கள்.

ராயல் கரீபியன், கார்னிவல் மாதிரி பெரிய கம்பெனிகளில் மது பேக்கேஜுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒரு அறையில் ஒருத்தர் வாங்கினால், குடிக்கும் வயது வந்த மற்றவர்களும் வாங்கியே ஆக வேண்டும். ஒருத்தர் வாங்கி நாலு பேர் பகிர்ந்துகொள்வார்கள் என்ற பயம்தான் காரணம். கணவன் மனைவி இரண்டு பேரும் குடிக்கும் ஊருக்கு அந்த விதி பெரிதாக உறைக்காது. வீட்டுக்காரர் மட்டும் கிளாஸ் எடுக்கும் நம்ம ஊருக்கு விலை நேராக இரட்டிப்பு.

வயதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் 21. ஆசியாவிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியன் பயணங்களில் 18. அறையில் மூன்றாவது கட்டிலில் படுக்கும் பையன் இன்ஜினீயரிங் முதல் வருசம் என்றால், அவனும் கணக்கில் வந்துவிடலாம். புக்கிங் போடும்போதே கேளுங்கள்.

இதற்கு வழி என்ன? கல்யாண மண்டபத்து வழிதான். இரண்டு குடும்பம் சேர்ந்து போகிறீர்களா, ஆம்பளைகள் ஒரு அறை, பொம்பளைகள் ஒரு அறை என்று பதிவு செய்யுங்கள். பேக்கேஜ் ஆம்பளைகள் அறையோடு நின்றுவிடும். பக்கத்துப் பக்கத்து அறையாகக் கேட்டு வாங்கிவிட்டால் குழந்தைகள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது பயணத்தில் நாங்கள் செய்தது இதுதான். மச்சானின் குறட்டைக்குக் காதில் பஞ்சு வைத்தது மட்டும் ஷீட்டில் ஏறாத செலவு.

ஒருவருக்கு மருந்து, கர்ப்பம் மாதிரி காரணம் இருந்தால், கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லிப் பாருங்கள். மதுவுக்குப் பதில் ஜூஸ், மாக்டெயில், நல்ல காப்பி அடங்கிய மலிவான பேக்கேஜை அவருக்கு எடுக்க விடுவதுண்டு. கப்பல் ஏறுவதற்கு முன்பே கேட்பது நல்லது.

பங்கு போடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நம் ஊரில் பங்காளி என்றால் பங்கு உண்டு. கப்பலில் ஒருத்தர் அட்டையில் வாங்கி இன்னொருத்தர் கையில் கொடுப்பதைப் பார்த்தால், பணத்தைத் திருப்பாமலே பேக்கேஜை ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

படி 4: குவாட்டர் கணக்கு

இப்போது பேனாவை எடுங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கப்பலின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

பேக்கேஜ் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர் என்று வைப்போம். அதன் மேல் 18% சர்வீஸ் சார்ஜ் ஏறும். ஆக 82.60. நாலு ராத்திரிக்கு 330.40. டாலர் 90 ரூபாய் என்று போட்டால் ஒருத்தருக்கு 29,736 ரூபாய். அறையில் இரண்டு பேர் என்றால் 59,472.

தனியாக வாங்கினால் ஒரு காக்டெயில் 12 டாலர் என்று வைப்போம், சார்ஜோடு 14.16. 82.60-ஐ 14.16-ஆல் வகுத்தால் 5.8. அதாவது நாள் தவறாமல் ஆறு கிளாஸ் குடித்தால்தான் பேக்கேஜ் போட்ட காசு வரும். அறை விதிப்படி சம்சாரத்துக்கும் சேர்த்து வாங்கி நீங்கள் ஒருத்தரே குடிப்பதாக இருந்தால் பன்னிரண்டு கிளாஸ்.

பன்னிரண்டு என்றால் எவ்வளவு? கப்பலில் ஒரு கிளாஸில் ஊற்றும் சரக்கு 30-லிருந்து 45 மில்லி. நம் குவாட்டர் 180 மில்லி. அப்படியென்றால் ஒரு குவாட்டரே நாலு முதல் ஆறு கிளாஸ். பன்னிரண்டு கிளாஸ் என்பது இரண்டு குவாட்டரில் தொடங்கி மூன்று குவாட்டர் வரை போகும். தினமும், நாலு நாளும். இதை மச்சானிடம் சொன்னபோது அவரே ஒரு நிமிசம் பேசவில்லை.

இன்னொன்றையும் கழிக்க வேண்டும். பேக்கேஜை முழுப் பயணத்துக்கும்தான் விற்பார்கள். வேண்டிய நாளுக்கு மட்டும் வாங்க முடியாது. பினாங்கிலும் புக்கெட்டிலும் காலையில் இறங்கி சாயங்காலம் ஏறுகிறீர்கள். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறீர்கள். நடுக்கடலிலேயே கழியும் நாட்கள் அதிகமுள்ள பயணத்தில் பேக்கேஜ் கொஞ்சம் நியாயமாகும். துறைமுகம் அதிகமென்றால் நட்டம்.

ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் குடிக்கிறவர் தனித்தனியாக வாங்கினால் நாலு நாளுக்கு 169.92 டாலர், ஏறக்குறைய 15,300 ரூபாய். அறைக்கே பேக்கேஜ் எடுத்தால் மேலே சொன்ன 59,472. வித்தியாசத்தில் ஒரு சவரனை நோக்கிக் கொஞ்சம் நடக்கலாம் என்று என் வீட்டில் கணக்குச் சொன்னார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பேக்கேஜ்தான் சரி என்று தோன்றினால், கப்பல் ஏறுவதற்கு முன் இணையத்திலேயே வாங்கிவிடுங்கள். ராயல் கரீபியனில் முன்பதிவு விலை ஏறி இறங்கும். வாங்கிய பின் விலை குறைந்தால், கிளம்பும் முன் ரத்து செய்துவிட்டு மறுபடி குறைந்த விலைக்கு வாங்கலாம். கப்பலுக்குள் விற்கும் விலை பெரும்பாலும் அதிகம். மச்சான் முதல் நாள் பாரில், சிரித்த முகத்தோடு வந்த பையனிடம் வாங்கியவர்.

படி 5: கம்பெனிக்குக் கம்பெனி எங்கே வித்தியாசம்

கார்னிவலின் சியர்ஸ் பேக்கேஜில் 24 மணி நேரத்தில் 15 மது என்று வரம்பு. ஒரு கிளாஸ் வாங்கி ஐந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. பிரின்சஸ் கப்பல்களில் பிளஸ், பிரீமியர் என்று இரண்டு மூட்டை: மது, வைஃபை, பணியாளர் டிப்ஸ் மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஒரே தொகையாக வருவதால் ஷீட் போடச் சுலபம். பிளஸில் அதே 15 வரம்பு உண்டு.

நார்வீஜியனின் "இலவச" பேக்கேஜைக் கவனமாகப் படியுங்கள். மது இலவசம் என்பார்கள். அந்த இலவசத்துக்கு 20% சர்வீஸ் சார்ஜ் மட்டும் நீங்கள் கட்ட வேண்டும். அது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 டாலருக்கு மேல் போகும். ஆடித் தள்ளுபடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதி, கீழே பொடி எழுத்தில் ஏதோ இருக்குமே, அதே ஜாதி. டிஸ்னியில் இப்படி நாள் கணக்கு மது பேக்கேஜே கிடையாது. குடித்ததற்கு மட்டும் காசு. நம் மாதிரிக் குடும்பத்துக்கு அது ஒரு வகையில் நிம்மதி. சில்வர்சீ, ரீஜென்ட், சீபோர்ன் மாதிரி உயர்தரக் கப்பல்களில் மது டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கும். அந்த டிக்கெட் விலைக்கு அவிநாசி பக்கம் இடம் பார்க்கலாம் என்பதால் நான் அதை ஷீட்டில் ஏற்றவில்லை.

பேக்கேஜ் இருந்தாலும் அடங்காதவை: அறைக்குள் இருக்கும் மினி பார், நினைவுப் பரிசாகக் கொடுக்கும் கண்ணாடி டம்ளர், முழு பாட்டில், விலை வரம்பைத் தாண்டிய உயர்ந்த சரக்கு. ராயல் கரீபியனில் அந்த வரம்பு ஒரு கிளாஸுக்கு 14 டாலர் என்று இருந்தது, கார்னிவலில் 20. அதைத் தாண்டினால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும்.

படி 6: பையில் என்ன போகலாம்

ராயல் கரீபியனில் ஏறும் நாளில் மட்டும், பெரியவர் ஒருத்தருக்கு 750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்று கொண்டுபோகலாம். பொது இடத்தில் வைத்துக் குடித்தால் திறப்புக் கட்டணம் கேட்பார்கள். கார்னிவலிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. மது இல்லாத பானம் என்றால் இரண்டிலுமே ஆளுக்கு 12 டின் வரை கையில் கொண்டுபோகலாம். கார்னிவலில் டின்னோ அட்டைப் பாக்கெட்டோதான், பாட்டில் கூடாது. எம்எஸ்சியில் வெளிப் பானமே கூடாது. பிராந்தி, விஸ்கி இந்த மூன்றிலுமே கூடாது. ஷாம்பு பாட்டிலில் ஊற்றிப் போகும் சாமர்த்தியம் அவர்களுக்கு முப்பது வருசமாகத் தெரியும். ஸ்கேனர் பார்த்துவிடும்.

துறைமுகத்து டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கினாலும் ஏறும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி ராத்திரிதான் திருப்பித் தருவார்கள். பாக்கு, பொகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் தடை செய்யப்பட்டது. ஒரு பாக்கெட்தானே என்று போகாதீர்கள்.

படி 7: குடிக்காமலே ஏறும் செலவு

இதில் பெரியது, தானாகவே பில்லில் ஏறும் டிப்ஸ். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர் என்று வைத்தால், நாலு பேர் குடும்பத்துக்கு நாலு ராத்திரிக்கு 296 டாலர், 26,640 ரூபாய். குழந்தைக்கும் உண்டு, கார்னிவல், நார்வீஜியன் மாதிரி சில இடங்களில் கைக்குழந்தைக்கு மட்டும் விலக்கு. வரவேற்பு மேஜையில் சொல்லி இதை எடுத்துவிடலாம் என்று யூடியூபில் சொல்வார்கள். எடுக்கலாம்தான். ஆனால் அறையைத் தினமும் சுத்தம் செய்கிறவர் ஏழெட்டு மாதம் வீட்டைப் பிரிந்து வந்தவர். அவர் வருமானத்தில் இதுதான் பெரும்பகுதி. நான் எடுப்பதில்லை.

அடுத்து போன். கப்பல் கரையை விட்டதும், போன் தானாகக் கப்பலின் சொந்த மொபைல் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அது சாதாரண ரோமிங் பேக்கில் வராது. நீங்கள் தூங்கும்போது பின்னணியில் ஓடும் வாட்ஸ்அப்புக்கே ஆயிரக்கணக்கில் பில் வரலாம். கரை மறையும் முன் ஏரோபிளேன் மோடு. வைஃபை வேண்டுமென்றால் அறைக்கு ஒரு கருவிக்கு மட்டும் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

பிறகு நம் பக்கத்துச் செலவு. இந்தியக் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பணத்துக்குப் பெரும்பாலும் 2 முதல் 3.5% மார்க்அப் (வங்கி ஏற்றும் கூடுதல் கட்டணம்), அந்த மார்க்அப் மேல் 18% ஜிஎஸ்டி. உச்சக் கணக்கில் 4.13%. "ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?" என்று மெசினில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அவர்கள் போடும் மாற்று விலை அதைவிட மோசம். டெபிட் கார்டையோ வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டையோ கப்பல் கணக்கோடு இணைத்தால், செலவு செய்யாத தொகையையும் முன்பிடியாக நிறுத்திவைப்பார்கள். விடுபட நாள் கணக்காகும். அதற்குள் புக்கெட்டில் கையில் காசில்லாமல் நிற்பீர்கள். கிரெடிட் கார்டுதான் சரி.

வெளிநாட்டுப் பயணப் பேக்கேஜுக்கு ஏஜென்ட் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, அதனால் அன்றைய விகிதத்தை ஆடிட்டரிடம் கேளுங்கள். அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் பணம் அதுவரை முடங்கும். யார் பேரில் பிடிக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ரிட்டர்ன் போடாத அம்மாவின் பேரில் பிடித்துவிட்டால் அலைச்சல்.

சிங்கப்பூர் விசா கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கூலி தனி. கப்பல் வெளியே போய்த் திரும்பி வருவதால் பலமுறை நுழையும் விசாவாக இருக்கிறதா என்று தாளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 8: ஒரே ஷீட்

எக்செல்லில் ஒரு பக்கம் போதும். நெடுக்கில் கப்பல்கள், குறுக்கில் டிக்கெட், துறைமுக வரி, டிப்ஸ், குடி (பேக்கேஜோடு, பேக்கேஜ் இல்லாமல்), தண்ணீரும் சோடாவும், வைஃபை, விசா, விமானம், கார்டு மார்க்அப். கடைசிக் கட்டத்தில் மொத்தத்தை ஆட்களால் வகுத்து, ராத்திரிகளாலும் வகுத்துவிடுங்கள். அந்த எண்ணை வைத்து மட்டும் கப்பல்களை ஒப்பிடுங்கள். எங்கள் ஷீட்டில் டிக்கெட் மலிவாக இருந்த கப்பல் மூன்றாவது இடத்துக்குப் போனது.

கப்பலில் தினமும் ராத்திரி ஆப்பிலோ டிவியிலோ கணக்கைத் திறந்து பாருங்கள். தப்பாக ஏதாவது ஏறியிருந்தால் அன்றே வரவேற்பு மேஜையில் சொன்னால் ஐந்து நிமிசத்தில் எடுத்துவிடுவார்கள். கடைசி நாள் காலையில் போனால், இறங்க வேண்டிய கூட்டம் மொத்தமும் அதே வரிசையில் நிற்கும்.

திரும்பும்போது இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் மது வரை வரியில்லை. கடைசி ராத்திரி திருப்பித் தந்த பாட்டில்களை விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள். இரண்டாம் தடவை மச்சான் அப்படித்தான் செய்தார். பீளமேட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் அவர் சம்சாரம் முதலில் கேட்டது, "பில்லு எவ்வளவுங்க?" மச்சான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, இந்த முறை தயங்காமல் நீட்டினார்.